கிழியாத சீட்

பழைய பள்ளிப் பேருந்து வாங்கப் போகிறவன் முதலில் அதை அடிக்க வேண்டும். தடவிப் பார்ப்பது, ஹாரன் அழுத்திப் பார்ப்பது எல்லாம் கார் வாங்குகிறவர்களின் பழக்கம். பஸ்ஸுக்குச் சுத்தியல்தான். பக்கத் தகட்டில் ஓங்கி ஒன்று வைத்தால் 'டங்' என்று அலற வேண்டும். 'தொப்' என்று முனகினால் அங்கே தகடு இல்லை. துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பார்த்து அடைத்து, மேலே மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அடுத்தது உதை. ஒவ்வொரு சீட்டுக்கு முன்னாலும் தரையைக் குதிகாலால் உதைக்க வேண்டும். பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் கவிழ்வதும் தயிர்சாதம் கொட்டுவதும் அங்கேதான். பள்ளிப் பேருந்து வெளியே மழையில் நனைந்து கெடுவதைவிட உள்ளே ஊறிக் கெடுவதுதான் அதிகம்.

திண்டுக்கல்லில் பஸ்களுக்கும் வேன்களுக்கும் சீட் தைப்பது என் தொழில். குழந்தைகளை மலர் என்றும் மொட்டு என்றும் ஆண்டுவிழா மேடையில் பேசுகிறவர்களை ஒருநாள் என் கடைக்குக் கூட்டிவந்து, பள்ளிப் பேருந்திலிருந்து கழற்றிய சீட் ஒன்றைக் காட்ட வேண்டும். காம்பஸால் குத்திய துளைகள். பல்லால் கடித்துப் பிய்த்த ஓரம். உள்ளேயிருந்து விரலால் தோண்டி எடுத்த பஞ்சு. ஒருவன் தன் எதிரியின் பெயரை ரெக்சினில் செதுக்கி, அதன் மேல் பெருக்கல் குறி போட்டு, அந்தக் குறியின் மேலும் குத்தியிருந்தான். அவனைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தூரத்திலிருந்து.

ஆக, அடிவாங்கிய பொருளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு உண்டு. அடிக்கிற தைரியம் மட்டும் கிடையாது. பக்கத்துத் தெருவில் சண்டை என்றாலே என் கால் முதலில் வீட்டுக்குள் ஓடிவிடும். பிறகுதான் சத்தம் காதில் விழும்.

என் தங்கை புருஷன் நேர் எதிர். மாப்பிள்ளைக்கு வாய் தொடங்கிய வாக்கியத்தைக் கைதான் முடித்துவைக்கும். எரியோடு பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேனை ஆய்வில் கழித்துவிட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் வேறு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் ட்ரிப் இன்னொருவருக்குப் போய்விடும். சாணார்பட்டி போகிற வழியில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் சின்ன ரகப் பள்ளிப் பேருந்து ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார். கிளம்புகிற நேரத்தில் தங்கை என்னை மட்டும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, இவரு பெயிண்ட்டப் பாத்துட்டு வாங்கிருவாரு. ஏறப்போறது எம்புள்ள. நீ உதைச்சுப் பாரு. சரியில்லைன்னா சரியில்லைன்னு வாயத் தொறந்து சொல்லு. உனக்கு வாய் வராதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லு."

"எனக்கா வாய் வராது?"

"ஜோக்குக்கு வரும். இதுக்கு வராது."

அவள் மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசிக்கு முந்தின வரிசை, இடதுபக்க ஜன்னல். எந்த வண்டியானாலும் அது அவளுக்குப் பட்டா போட்ட இடம். பள்ளத்தில் விழுந்தால் அங்கேதான் நன்றாகத் தூக்கிப் போடுமாம். "மாமா, எஞ்சீட்ட நல்லாப் பாத்துட்டு வா" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

யார்டு முன்பு மாந்தோப்பாக இருந்த இடம். சரிவான நிலம். மேட்டில் பழைய பஸ்கள், இடையில் வெட்டாமல் விட்ட சில மாமரங்கள், பள்ளத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு. நாங்கள் உள்ளே நுழைந்தபோது யார்டுக்காரர் வேலையாக இருந்தார். வேலை என்னவென்றால், ஒரு ஆளின் சட்டைக் காலரைப் பிடித்து லாரி டயரோடு சேர்த்து அழுத்தி, கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கொங்குப் பேச்சுக்காரர், அடிக்கிறபோதும் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்க, எடுத்துட்டுப் போன வண்டியத் திருப்பிக் கொண்டாரலாமுங்களா?" அறை. "சரியில்லைன்னு சொல்றீங்களே, ஓட்டத் தெரிஞ்சு ஓட்டுனீங்களா?" அறை. "மூஞ்சிய வேற இப்படித் திருப்புறீங்க, அடி தப்பிப் போகுதுல்லைங்க!"

எங்களைப் பார்த்ததும் அந்த ஆளை விட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கிறீங்களா?"

அடிவாங்கியவர் உதட்டு ரத்தத்தைத் துப்பிக்கொண்டே என்னைக் கடந்து வெளியே போனார். 'சரியில்லை' என்ற சொல் என் தொண்டையில் எங்கே இருந்ததோ, அங்கேயே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது. நான் மோர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

வண்டி மஞ்சளாக, அழகாக நின்றது. கை பிரேக் பேருக்குத்தான் என்பதால் முன் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு பெரிய கல்லாக முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். யார்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் அன்று அடித்த அடி, தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது. பஸ்ஸுக்கே தெரிந்திருக்காது.

"என்னா மச்சான், வண்டிக்குத் தாலாட்டுப் பாடுறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நல்ல தகடு மாப்ள. இம்புட்டு அடிச்சாலே போதும்."

அங்கே ஒரு தரகரும் இருந்தார். வயசான மனிதர். நாற்பது வருஷமாக மாட்டுச் சந்தையில் தரகு செய்துவிட்டு, மாடு குறைந்த பிறகு வண்டிக்கு மாறியவர். பழக்கம் மட்டும் மாறவில்லை. டயருக்குள் விரலை விட்டு, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பஸ்ஸின் பின்பக்கத்தில் தட்டிக்கொடுப்பார். விலை பேசுவதும் சந்தை முறைதான்: கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நீட்டுவார், வாங்குகிறவன் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேச வேண்டும். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் இருக்கிறது விலை. வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் பேச்சு முடிந்தது. பிறகு பின்வாங்கினால் அது சண்டை.

எனக்கு இந்த முறை தெரியும். ஆனால் பயந்தவனுக்குத் தெரிந்தது எதுவும் உதவாது. உள்ளங்கை வியர்த்து, சுத்தியல் வழுக்கி, கழுத்தெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்போது என் முன்னால் ஒரு வெள்ளைத் துண்டு நீண்டது. ஆகா, இந்தப் பெரியவருக்குத்தான் என்ன இரக்கம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டு ஈரத்தை நன்றாக அழுத்தித் துடைத்தேன். உள்ளே ஏதோ கனமாக இருந்தது. அதையும் சேர்த்துத் துடைத்தேன்.

"முடிஞ்சதப்பு!" என்று கத்தினார் தரகர். "ரெண்டு கையாலயும் புடிச்சுட்டாரு! இப்படி மனசார ஒருத்தர் புடிச்சு நான் பாத்ததில்ல!"

நான் என்ன விலைக்குச் சம்மதித்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யார்டுக்காரர் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து பஸ்ஸின் முன்னால் தரையில் ஓங்கி அடித்தார். ஓடு சிதறி ஒரு துண்டு என் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து அடித்தது. மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, "மச்சான், நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

"உள்ள ஏறி என்னென்ன தைக்கணும்னு பாத்துட்டு வாங்க மச்சான்."

ஏறினேன். உள்ளே என் உலகம். வரிசை வரிசையாகக் கொலைக்களம். எல்லாச் சீட்டும் குத்துப்பட்டு, கிழிபட்டு, பஞ்சு தள்ளிக் கிடந்தன. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிள்ளைகள் நன்றாக வாழ்ந்த வண்டி. கடைசிக்கு முந்தின வரிசைக்கு வந்தேன். இடதுபக்க ஜன்னல் சீட் மட்டும் பளபளவென்று இருந்தது. ஒரு குத்து இல்லை. ஒரு கிறுக்கல் இல்லை. ரெக்சின் பழையது, அதே ரகம், அதே தையல். யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து ஜன்னல் வழியாக யார்டுக்காரர் சொன்னார்: "பாத்தீங்களா, பின்னால ஜன்னல் சீட்டு புதுசாட்டமே இருக்குதுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் பள்ளிப் பேருந்தில் கிழியாத ஜன்னல் சீட்டை நான் பார்த்ததில்லை. ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்காராமல் விட்டிருக்கிறார்கள் என்றால், அங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்தேன். கீழே ரப்பர் மேட் லேசாக உப்பியிருந்தது.

தங்கை மகளின் முகம் ஞாபகம் வந்தது. எஞ்சீட்ட நல்லாப் பாத்துட்டு வா.

கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். அந்தப் பயத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, நான் ஒன்றைப் பலமாக உதைத்தேன்.

தரை எதிர்க்கவில்லை. என் வலது கால் மேட்டைக் கிழித்துக்கொண்டு, பலகையை உடைத்துக்கொண்டு, தொடை வரைக்கும் கீழே போயிற்று. உடைந்த பலகையின் முனைகள் சதையில் இறங்கின. உடம்பு மேலே, கால் பஸ்ஸுக்கு அடியில். காற்று வாங்கிக்கொண்டு தொங்கியது. நான் அலறிய அலறலில் மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பிவிட்டன.

மாப்பிள்ளை குனிந்து பஸ்ஸின் அடியில் பார்த்திருக்கிறார். அங்கே என் செருப்பும் ரத்தம் வழிகிற காலும் மட்டும் தெரிந்திருக்கின்றன.

"ஏலே! எம்மச்சான் கால் கீழ தொங்குதுலே! புள்ளைகள ஏத்துற வண்டியாலே இது?"

"பேசும்போது மரியாதையாப் பேசுங்க. அவர் ஒடம்பு கனம் அப்படிங்க."

"எம்மக ஏற வேண்டிய வண்டிலே இது!"

"கை புடிச்சாச்சுங்க. பின்வாங்குனா பல்லப் பேத்துக் கையில குடுத்துப் போடுவனுங்க."

மாப்பிள்ளை முதல் அடியை வயிற்றில் வைத்தார். யார்டுக்காரர் இரண்டாவதை வாயில் வைத்தார். கதவுக் கண்ணாடி ஒன்று நொறுங்கியது. மாப்பிள்ளை கீழே விழுந்து, எழுந்து, கைக்கு எட்டியதைப் பிடித்துத் தூக்கினார். கைக்கு எட்டியது இடது முன் சக்கரத்தின் முட்டுக்கல். அவர் கல்லைத் தூக்கினால் யார்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒரு கல் வேண்டும். வலது சக்கரத்தில் ஒன்று இருந்தது.

இரண்டு வீரர்களும் ஆளுக்கொரு கல்லோடு எதிரெதிரே நின்றார்கள். பஸ் மெதுவாகக் கிளம்பியது.

முதலில் எனக்கு மரங்கள்தான் நகர்வதாகத் தோன்றியது. பிறகு கீழே என் கால் முள்செடியில் உரச ஆரம்பித்தது. வேலிக்கருவை. ஒவ்வொரு முள்ளும் காலைத் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போனது. 'பிரேக்' என்று கத்த வாயைத் திறந்தேன். 'நன்றி' என்று வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், பயத்துக்கு அகராதி கிடையாது. பழனி முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் முடி போய் வெகுகாலம் ஆகிறது என்பது அப்போது எனக்கு நினைவில்லை, அவருக்கு இருந்திருக்கும். வண்டி இன்னும் வேகமெடுத்தது.

முன் கண்ணாடி வழியாகக் கிணறு தெரிந்தது. கிணற்றுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தரகர் தெரிந்தார். மனிதர் ஓடிவந்து குறுக்கே நின்று, துண்டை இரண்டு கையாலும் விரித்து, "ஹோ! ஹோ! நில்லு! நில்லுடா!" என்று மிரண்ட காளையை மறிக்கிற மாதிரி பஸ்ஸை மறித்தார். பஸ் நிற்கவில்லை. கடைசி நொடியில் அவர் முள்வேலிக்குள் பாய்ந்தார். ஒரு பாறையில் ஏறிய சக்கரம் திசை மாறி, வண்டி ஒரு மாமரத்தில் மோதியது.

முன் கண்ணாடி முழுசாகக் கொட்டியது. என் நெற்றி முன்சீட்டின் கம்பியில் போய் அடித்தது. காய்ந்த கிளை ஒன்று முறிந்து கூரையில் விழுந்தது. அதன் பிறகு மாங்காய்கள், ஒவ்வொன்றாக, நிதானமாக. மோதிய வேகத்தில் என் கால் துளையிலிருந்து தானாகவே பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. பாதித் தோலை அங்கேயே விட்டுவிட்டு. கூடவே ஒரு முழம் பலகையும் கைக்கு வந்தது.

யார்டுக்காரர்தான் முதலில் ஏறினார். உதடு கிழிந்து தாடையெல்லாம் ரத்தம். "ஏனுங்க, உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்ததைப் பார்த்ததும், "அப்படின்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. பேச்சு பேச்சுதானுங்க" என்றார். பின்னால் ஏறிவந்த மாப்பிள்ளைக்கு முன்பல் ஒன்று இல்லை. அவர் ஏதோ திட்டினார், காற்றுத்தான் வந்தது. இருவரும் சீட்டுகளுக்கு நடுவில் மறுபடி ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தார்கள்.

நான் எழுந்தேன். நின்றேன் என்று சொல்ல முடியாது; ஒரு காலில் ஆடினேன். "என் தங்கச்சி மக உட்கார்ற எடம்யா இது!" என்று அழுகையும் கத்தலுமாகச் சொல்லி, கையிலிருந்த பலகையை இரண்டு கையாலும் ஓங்கி யார்டுக்காரரின் உச்சந்தலையில் முழுப் பலத்தோடு இறக்கினேன்.

பலகை பொடியாகிவிட்டது. உடையவில்லை, பொடியாகிவிட்டது. ஊறிப்போன அப்பளம் காய்ந்து நொறுங்குமே, அந்த மாதிரி. மனிதருக்கு ஒரு கீறல் இல்லை. தலை, புருவம், மீசை எல்லாம் பழுப்புத் தூள். ரத்தம் இருந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொண்டது. கொலை செய்வதாக நினைத்து, ஒரு ஆளுக்குப் பவுடர் போட்டுவிட்டேன்.

யார்டுக்காரர் தலையைத் தடவி, உள்ளங்கையில் வந்த தூளைப் பார்த்தார். விரலால் தேய்த்தார். பிறகு குனிந்து, என் கால் போட்ட துளை வழியாகக் கீழே தெரிந்த மண்ணைப் பார்த்தார்.

"நான் வாங்கறப்பவே ரப்பர் மேட்டு போட்டிருந்ததுங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தூக்கிப் பாத்தீங்களா?" என்றேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப எனக்கே செத்த நேரம் ஆயிற்று. "வேணாங்க. வண்டி சரியில்ல."

முள்ளோடு முள்ளாக ஏறிவந்த தரகர் எல்லாவற்றையும் பார்த்தார். துண்டை எடுத்து எங்கள் எல்லார் முன்னாலும் பட்டென்று உதறி மறுதோளில் போட்டுக்கொண்டார். சந்தையில் குறை மறைத்த மாட்டுக்குப் பேசிய பேச்சு அப்படித்தான் கலையும்.

அதோடு கிளம்பியிருக்கலாம். மாப்பிள்ளை கிளம்பவில்லை. "இன்னொருத்தன் புள்ளைக்கு இத வித்துருவீங்க" என்றார், பல் போன இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு. "மாட்டனுங்க" என்றார் யார்டுக்காரர். "நம்ப மாட்டேன்." யார்டுக்காரர் அவரை வெகுநேரம் முறைத்தார். இன்னொரு சுற்று வரப்போகிறது என்று நான் சீட்டுக்கடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் இறங்கிப் போய் இரண்டு கடப்பாரைகளோடு திரும்பி வந்தார். ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

இருவரும் தரையை இடித்தார்கள். மிச்சமிருந்த கோபம் முழுவதையும் பலகையில் இறக்கினார்கள். மேட்டைக் கிழித்து, சட்டத்தை நெம்பி, வரிசை வரிசையாகக் கீழே தள்ளினார்கள். நான் கிழியாத சீட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, துண்டால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரகருடைய துண்டுதான். கொடுக்கும்போது, "அப்பு, இது சும்மா தொடைக்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது தங்கை, பல்லில்லாத புருஷனையும் கட்டுப்போட்ட அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்த்தா."

"எப்பச் சொன்ன?"

"கடைசியில."

வத்தலக்குண்டில் வேறொரு வண்டி கிடைத்தது. அதற்கு நாங்கள் முதலில் செய்தது, மேட் முழுவதையும் உரித்து வெளியே போட்டதுதான். கீழே தகட்டுத் தரை. சீட்டுகளை நான் தைத்தேன்.

பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் நான் நொண்டிக்கொண்டே ஏறி, நல்ல காலால் வரிசை வரிசையாக உதைத்துக்கொண்டு போனேன். டங். டங். பின்னாலேயே ஏறிவந்த தங்கை மகள் நின்று பார்த்தாள்.

"மாமா, பஸ்ஸு என்ன தப்புப் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலத்தா. இனிமேயும் பண்ணக் கூடாதுல்ல."

"நானும் மிதிக்கவா?"

அவள் மிதித்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஏறியவர்கள் அத்தனை பேரும் புது ஷூவோடு தரையில் குதித்தார்கள். பக்கத் தகட்டில் குத்தினார்கள், தண்ணீர் பாட்டிலால் கம்பியில் அடித்தார்கள். வண்டி முழுக்க இடி. "ஏலே, வண்டிய என்னலே பண்றீங்க!" என்று மாப்பிள்ளை முன்னாலிருந்து விசில் சத்தத்தோடு கத்தினார். நான் எங்கே இருந்தேன் என்றால், ஒரு சீட்டில் ஏறி, இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

தரை தாங்கியது.

தங்கை மகள் கடைசிக்கு முந்தின வரிசைக்கு ஓடி, ஜன்னல் பக்கம் ஒருவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முன்சீட்டின் முதுகில் பளபளக்கும் என் புது ரெக்சினை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பையைத் திறந்து காம்பஸை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நான் பார்ப்பதைக் கவனித்து, கையைப் பின்னால் மறைத்தாள்.

"நல்லாக் குத்துத்தா" என்றேன்.